பலூன் மேலே போன பிறகு சிக்னல் இல்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

திண்டுக்கல், கரூர் பக்கத்து வெட்டவெளிகளில் லேடெக்ஸ் பலூன் விடும் கல்லூரிக் குழுக்களுக்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களுக்கும் டிராக்கரைச் சரிசெய்து கொடுத்துக் கொடுத்துச் சேர்ந்த குறிப்புகள் இவை. இந்தப் பலூன் ஒரு சிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு 30 கிலோமீட்டர் வரை ஏறி அங்கே வெடிக்கும், பெட்டி பாராசூட்டில் இறங்கும். ஜிபிஎஸ் காட்டும் இடத்தைப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவிதான் டிராக்கர். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போன் வரும்: "அண்ணா, நல்லா மேல போச்சு, ஒரு மணி நேரம் டேட்டா வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல." அந்த "ஒண்ணுமே இல்ல"க்குப் பத்துக் காரணம் இருக்கலாம். எந்த உயரத்தில் நின்றது, படிப்படியாக நின்றதா சட்டென்று நின்றதா, பிறகு எப்போதாவது திரும்பி வந்ததா என்று கேட்டாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் ஒரு சாதாரண அமைப்புக்கானவை: 1000 கிராம் பலூன், பாராசூட்டும் கயிறும் சேர்த்து 1 கிலோ எடையுள்ள தெர்மோகோல் பெட்டி, 434 மெகாஹெர்ட்ஸில் லோரா அல்லது ஆர்டிடிஒய் (எழுத்துகளை ரேடியோவில் அனுப்பும் இரு முறைகள்) அனுப்பும் சிறிய டிரான்ஸ்மிட்டர், யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் ஜிபிஎஸ். விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, அந்த நேரத்துக்கான நோட்டாம் அறிவிப்பு (விமானிகளுக்கான எச்சரிக்கை), டிரான்ஸ்மிட்டருக்குப் பொறுப்பேற்கும் உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் என்று மூன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சிலிண்டர் வால்வைத் திறக்காதீர்கள்.

ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பொருள் மாற்ற வேண்டிய காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். எடுத்த எடுப்பில் புது மாட்யூல் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அதே கோளாறு புது மாட்யூலிலும் வந்திருக்கிறது.

## அறிகுறி 1: சிக்னல் கேட்கிறது, எழுத்தாக மாறவில்லை

மேஜையில் இரண்டடி தூரத்தில் டிராக்கர் இருக்கிறது. திரையில் கோடு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒரு வரிகூட டீகோட் ஆகவில்லை.

முதலில் டிராக்கரை அடுத்த அறைக்கு, முடிந்தால் தெருமுனைக்குக் கொண்டுபோங்கள். இரண்டடியில் வரும் சிக்னல் எஸ்டிஆர் டாங்கிளை (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) திணறடித்துவிடும். திரையில் ஒரே சிக்னல் நாலைந்து இடங்களில் தெரிந்தால் இதுதான் காரணம். டாங்கிளின் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறையுங்கள்.

அப்படியும் வரவில்லை, நீங்கள் ஆர்டிடிஒய் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரிசீவர் யூஎஸ்பி (அப்பர் சைட்பேண்ட்) முறையில் இருக்கிறதா, இரண்டு தொனிகளின் இடைவெளியும் பாட் வேகமும் (எழுத்து அனுப்பும் வேகம்) இரு பக்கமும் ஒன்றா, எழுத்துக்கு 7 பிட்டா 8 பிட்டா என்று பாருங்கள். எழுத்து வருகிறது ஆனால் குப்பையாக வருகிறது என்றால் பெரும்பாலும் பிட் கணக்குதான் தப்பு, அல்லது தொனிகள் தலைகீழாக இருக்கின்றன. மென்பொருளில் ரிவர்ஸ் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

லோரா என்றால் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், பேண்ட்விட்த், கோடிங் ரேட், சிங்க் வேர்ட் என்ற நான்கு அமைப்புகளும் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறும் மௌனம்தான். நான்கும் சரி, அப்படியும் வரவில்லை என்றால் பேண்ட்விட்தை, அதாவது சிக்னலின் அகலத்தைப் பாருங்கள். தூரம் கூடும் என்று 20.8 கிலோஹெர்ட்ஸ் வைத்திருப்பீர்கள். இரு முனைகளின் அதிர்வெண் வித்தியாசம் பேண்ட்விட்தில் கால் பங்குக்கு மேல் போனால் லோரா சிப் பாக்கெட்டை (ஒரு முறை அனுப்பும் தகவல் கட்டு) பிடிக்காது. கால் பங்கு என்றால் இங்கே 5 கிலோஹெர்ட்ஸ்தான். அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் விலை குறைந்த படிகம் உள்ள இரண்டு மாட்யூல்கள் அறை வெப்பத்திலேயே அந்த அளவு விலகி நிற்கும். 125 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். உடனே வந்தால் காரணம் உறுதி. டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிகம் விலகாத படிகம்) உள்ள மாட்யூல் வாங்கலாம், அல்லது அகலமான பேண்ட்விட்திலேயே பறக்கவிடலாம். வானில் தடை எதுவும் இல்லாததால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

உங்கள் ரிசீவரே சரிதானா என்று சந்தேகமா? இந்திய வானிலைத் துறை சென்னை, காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து ரேடியோசோண்ட் பலூன் (வானிலை அளந்து ரேடியோவில் அனுப்புவது) விடுகிறது. காலை 5.30 மணி அளவீட்டுக்காக அதற்குச் சற்று முன்பே அது கிளம்பிவிடும். 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸுக்குள் அதைத் தேடிப் பாருங்கள். அது உயரப் போனதும் திண்டுக்கல் மொட்டை மாடியில் கேட்டால் உங்கள் ஆன்டெனா, கேபிள், டாங்கிள் மூன்றும் சரி. கேட்கவில்லை என்றால் கோளாறு டிராக்கரில் இல்லை, தரையில்தான் இருக்கிறது.

## அறிகுறி 2: ஜிபிஎஸ் லாக் ஆகவில்லை, அல்லது லாக் விட்டுவிட்டுப் போகிறது

வெட்டவெளியில் ஐந்து நிமிடம் விட்டும் லாக் இல்லை, அதாவது ஜிபிஎஸ் தன் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் முதலில் ஆன்டெனா மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை மூடும் அவசரத்தில் அது கவிழ்ந்திருக்கும். பெட்டியின் மேல்மூடியில் குளிருக்காக வெள்ளித்தாள் சுற்றியிருந்தால் பிரித்துவிடுங்கள். தாள் பக்கவாட்டில் இருக்கலாம், மேலே இருக்கக் கூடாது.

அடுத்தது இரைச்சல். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா சுவிட்ச் போதும். கேமராவை அணைத்துவிட்டுச் செயற்கைக்கோள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவைப் பதிவு முறையில் போட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 10 இருந்தது 4 ஆகிவிட்டால் கேமராதான் குற்றவாளி. ராஸ்பெரி பை, மின்னழுத்தம் மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் போர்டு, எஸ்டி கார்டு எழுதும் கம்பி எல்லாமே இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

தீர்வுக்கும் செலவு கிடையாது. ஜிபிஎஸ்ஸைப் பெட்டியின் ஒரு கோடிக்கும் கேமராவை எதிர்க்கோடிக்கும் நகர்த்துங்கள். போதவில்லை என்றால் இரண்டு பெட்டியாகப் பிரித்து ஒரு மீட்டர் கயிற்றில் கோத்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கணத்தில் மட்டும் லாக் போகிறது என்றால் அதன் ஆன்டெனா பெட்டிக்குள் வளைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால்தான் மாட்யூலை மாற்றுங்கள்.

## அறிகுறி 3: வரைபடத்தில் இடம் தப்பாகக் காட்டுகிறது

இது ரேடியோக் கோளாறே அல்ல, நிரலில் இருக்கும் பிழை. எத்தனை கிலோமீட்டர் தப்பு என்பதை அளந்தாலே எந்தப் பிழை என்று தெரிந்துவிடும்.

### எப்போதும் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது

ஜிபிஎஸ் தரும் வாக்கியத்தில் அட்சரேகை 1021.58 என்று வரும். அதன் பொருள் 10 பாகை, 21.58 நிமிடம். நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 10.3597 பாகை, அதுதான் திண்டுக்கல். வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 10.2158 என்று அனுப்பினால் வரைபடத்தில் 16 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் டிராக்கரை வைத்து, போன் காட்டும் இடத்தோடு ஒப்பிட்டாலே இது பிடிபடும்.

### வீட்டில் சரியாகக் காட்டியது, பறக்கும்போது திடீரென்று பாய்கிறது

இதுதான் ஆளை ஓடவிடும் பிழை. ஒருமுறை எங்கள் பலூன் கிழக்கே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் 77.97, 77.98, 77.99 என்று ஒழுங்காகப் போன புள்ளி, 78ஐத் தாண்டியதும் துள்ள ஆரம்பித்தது. இரண்டு காரில் இருந்தவர்களும் பலூன் புயல்காற்றில் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தோம். ஒரு காரைக் கிழக்கே விரட்டினோம். உண்மையில் பலூன் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சிறிய மைக்ரோகண்ட்ரோலர்களில் தசம எண்ணை நேரடியாக அச்சிட வசதி இருக்காது. அதனால் 78 என்பதை ஒரு முழு எண்ணாகவும், புள்ளிக்குப் பின்னால் உள்ள 0512 என்பதை இன்னொரு முழு எண்ணாகவும் பிரித்து அச்சிடுவோம். இரண்டாவது முழு எண்ணாக ஆனதுமே முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். 78.0512 என்பது 78.512 ஆகிவிடும், அதாவது 50 கிலோமீட்டர் கிழக்கே. திண்டுக்கல் ஊர் 78 பாகைக் கோட்டுக்குச் சற்றே மேற்கே இருக்கிறது. வீட்டில் எத்தனை நாள் சோதித்தாலும் புள்ளிக்குப் பின்னால் 9 என்றே தொடங்கும், பூஜ்யம் வரவே வராது.

சோதிக்கும் முறை எளிது. ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, நிரலுக்குள் 78.0512, 78.0009, 10.0500 போன்ற எண்களைக் கையால் கொடுத்து, அனுப்பும் வரியில் என்ன வருகிறது என்று பாருங்கள். பின்னப் பகுதியை நான்கு இலக்கத்துக்குப் பூஜ்யம் நிரப்பி அச்சிடச் சொன்னால் தீர்ந்தது. உங்கள் ஊர் எந்தப் பாகைக் கோட்டுக்கு அருகில் இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

## அறிகுறி 4: பலூன் தூக்க மறுக்கிறது, அல்லது ஏறும் வேகம் குறைவு

நம் சூட்டில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். பலூன் 1 கிலோ, பெட்டி 1 கிலோ, வினாடிக்கு 5 மீட்டர் ஏற இன்னும் 1 கிலோ என்றால் மூன்று கன மீட்டர் வேண்டும். பலூனின் எடையை அதுவே தூக்கிக்கொண்டு நிற்பதால், கழுத்தில் தொங்கு தராசைக் கட்டினால் 2 கிலோ காட்ட வேண்டும். பலர் இந்த 2 கிலோவை 1 என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியைக் கட்டியதும் பலூன் அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

தராசு 2 காட்டியும் மெதுவாகத்தான் ஏறியது என்றால் நிரப்பும்போது காற்று அடித்ததா என்று யோசியுங்கள். காற்று பலூனைச் சாய்த்து இழுக்கும் இழுப்பையும் தராசு எடையாகக் காட்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், லேடெக்ஸ் பலூன் எந்த மூலைக்கு? நான் ஆடி மாதத்தில் நிரப்புவதே இல்லை. மற்ற மாதங்களிலும் விடியலில், கட்டடத்தின் மறைவில் நிரப்புவேன். தண்ணீர் ஊற்றி 2 கிலோவுக்குச் சரிபார்த்த ஒரு கேனைக் கழுத்தில் தொங்கவிட்டு, காற்று ஓயும் கணத்தில் பலூன் அதைத் தூக்கியும் தூக்காமலும் நிற்கிறதா என்று பார்ப்பதே எனக்குத் தராசை விட நம்பிக்கையான முறை.

அடுத்த காரணம் கசிவு. கழுத்தில் கட்டிய இடத்திலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பலூனை வெறுங்கையால் பிடித்திருந்தாலோ, தகரக் கொட்டகைச் சூட்டில் ஒரு கோடைகாலம் முழுக்க வைத்திருந்தாலோ ரப்பரில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். அரை மணி நேரம் விட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்திருந்தால் அந்தப் பலூன் வேண்டாம்.

கடைசியாக வாயு. விழா அலங்காரத்துக்கு விற்கும் பலூன் கேஸில் காற்று கலந்திருக்கலாம். சான்றிதழோடு தூய ஹீலியம் கேட்டு வாங்குங்கள். 47 லிட்டர் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 7 கன மீட்டர் வரும், பாதி தீர்ந்த சிலிண்டர்கூட வேலைக்கு ஆகும். வால்வு இறுகியிருந்தாலோ ரெகுலேட்டர் சீறினாலோ ஸ்பானரை எடுக்காதீர்கள். சிலிண்டர் தந்த கடைக்காரரைக் கூப்பிடுங்கள். 150 மடங்கு வளிமண்டல அழுத்தம் உள்ளே இருக்கிறது.

கழுத்து இழுப்பு அரை கிலோ குறைந்தால் வேகம் 5 மீட்டரிலிருந்து 3.6 மீட்டராக இறங்கும். 30 கிலோமீட்டர் ஏற 100 நிமிடம் ஆவது 140 நிமிடம் ஆகும். அந்த 40 நிமிடமும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். விட்ட பிறகு ஏற்றம் வினாடிக்கு 2 மீட்டருக்குக் கீழே போனாலோ, உயரம் மாறாமல் மிதக்க ஆரம்பித்தாலோ அதற்கு மேல் நீங்கள் சரிசெய்ய எதுவும் இல்லை. அனுமதிக் கடிதத்தில் உள்ள விமானக் கட்டுப்பாட்டு எண்ணை அழைத்து, இடத்தையும் உயரத்தையும் நகரும் திசையையும் உடனே சொல்லுங்கள்.

## அறிகுறி 5: உயரம் ஒரு எண்ணில் நின்றுவிட்டது

சிக்னல் தொடர்ந்து வருகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் இடமும் உயரமும் மாறவில்லை. எந்த எண்ணில் நின்றது என்று பாருங்கள்.

12 கிலோமீட்டர் அருகில் என்றால் யூ-பிளாக்ஸ் சிப் அதன் இயல்பான போர்ட்டபிள் முறையில் இருக்கிறது. அந்த முறையின் எல்லை 12 கிலோமீட்டர். ஏர்போர்ன் முறைக்கு, அதாவது டைனமிக் மாடல் 6க்கு மாற்றினால் 50 கிலோமீட்டர் வரை போகும். "மாற்றித்தானே அனுப்பினேன்" என்பீர்கள். கட்டளை அனுப்பினீர்கள், சரி. சிப் அதை ஏற்றுக்கொண்டதா? நியோ-6எம் போன்ற மாட்யூல்களில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அந்த அமைப்பு அழிந்துவிடும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டளையைத் திரும்ப அனுப்பி, தற்போதைய முறை என்ன என்று சிப்பையே கேட்டு, அந்த எண்ணை டெலிமெட்ரி வரியில் (டிராக்கர் அனுப்பும் தகவல் வரி) ஒரு புலமாகச் சேர்த்துவிடுங்கள். விடுவதற்கு முன் திரையில் 6 தெரியாவிட்டால் பலூனை விடாதீர்கள்.

18 கிலோமீட்டர் அருகில் என்றால் அது சிப் தயாரிப்பாளர் போட்ட தடை. ஏவுகணைக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வைத்த கோகாம் வரம்பு (ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி) 18 கிலோமீட்டர் உயரம், வினாடிக்கு 515 மீட்டர் வேகம். சில சிப்கள் இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் நிற்கும், சில ஒன்றைத் தாண்டினாலே நின்றுவிடும். நிரலில் தீர்வு கிடையாது, மாட்யூலை மாற்றத்தான் வேண்டும். இரண்டிலுமே இறங்கும்போது அந்த உயரத்துக்குக் கீழே வந்ததும் இடம் திரும்ப வரும். அதனால் பதறாமல் ரிசீவரை ஓடவிடுங்கள்.

இந்த இரண்டு உயரமும் இல்லை, ஏதோ 7,430 மீட்டரில் உறைந்துவிட்டது என்றால் செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால் அறிகுறி 2க்குப் போங்கள். அது 9 என்று உறைந்து, நேரமும் உறைந்திருந்தால் ஜிபிஎஸ் கம்பி கழன்றிருக்கிறது, நிரல் பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

## அறிகுறி 6: பாதி வழியில் சிக்னல் அடங்கிவிட்டது

டிராக்கர் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் தரையைப் பாருங்கள். மடிக்கணினி உறங்கப் போயிருக்கலாம், டாங்கிள் வெயிலில் சூடாகித் துண்டித்திருக்கலாம். ஆர்டிடிஒய் என்றால் குளிரில் படிகம் சில கிலோஹெர்ட்ஸ் நகர்ந்து, நீங்கள் பார்க்கும் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். திரையை அகலப்படுத்தி இரு பக்கமும் தேடுங்கள். நான் பார்த்த "செத்த" டிராக்கர்களில் பல உயிரோடு இப்படிப் பக்கத்தில்தான் நின்றிருந்தன.

உண்மையிலேயே அடங்கியது என்றால் கடைசிப் பத்து வரிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் எண்ணும் பேட்டரி மின்னழுத்தமும் அவற்றில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அடுத்த முறை கட்டாயம் சேருங்கள்.

### பாக்கெட் எண் 1க்குத் திரும்பியிருக்கிறது

மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் பாய்ந்து மின்னழுத்தம் சரிகிறது. பேட்டரி ஹோல்டரின் சுருள்கம்பி துரு பிடித்திருந்தால் முதலில் அதைத் தேய்த்துவிடுங்கள். கம்பிகளைச் சாலிடர் செய்துவிட்டால் இன்னும் நல்லது. டிரான்ஸ்மிட்டர் அருகில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வையுங்கள்.

### மின்னழுத்தம் படிப்படியாக இறங்கி நின்றது

குளிர். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வெளியே மைனஸ் 55 டிகிரிதான் என்று கணக்குப் போடாதீர்கள், அது மத்திய அட்சரேகைக் கணக்கு. நம் தலைக்கு மேல் வளிமண்டலத்தின் குளிர் உச்சம் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஏறக்குறைய மைனஸ் 80. கீழே 35 டிகிரியில் வியர்த்துக்கொண்டு பெட்டியை மூடுகிறோம், ஒரு மணி நேரத்தில் அது இங்கிலாந்துக்காரர் பெட்டி பார்க்காத குளிரில் போய் நிற்கிறது. உங்கள் டிராக்கர் 14 முதல் 18 கிலோமீட்டருக்குள் அடங்கியது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சாதாரண ஆல்கலைன் செல் இதற்கு ஆகாது. திரும்ப சார்ஜ் ஆகும் 18650 லித்தியம் செல்லும் குளிரில் கொள்ளளவை இழக்கும். எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் போன்ற, திரும்ப சார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ செல்கள் மைனஸ் 40 வரை உத்தரவாதம் உள்ளவை, ஒன்று 15 கிராம்தான். விலை அதிகம்தான், ஆனாலும் மொத்தச் செலவில் நான் பேரம் பேசாத ஒரே பொருள் இது. தெர்மோகோல் சுவர் ஓர் அங்குலம் இருக்கட்டும், மூட்டுகளில் டேப் ஒட்டி அடையுங்கள். உள்ளே இருக்கும் மின்னணுவின் சூடே பெட்டியைக் காப்பாற்றும்.

சோதனைக்கு வீட்டு ஃப்ரீசர் போதும். பெட்டியை மூடி, ஓடவிட்டு, மைனஸ் 18இல் மூன்று மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசருக்குள்ளிருந்து சிக்னல் மங்கலாக வரும், மின்னழுத்தத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்றால் மைனஸ் 78 டிகிரியில் உள்ள உலர்பனி கிடைக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் மட்டும் செய்யுங்கள். மூடிய அறையில் அந்த வாயு உயிருக்கே ஆபத்து.

### மின்னழுத்தம் நன்றாக இருக்கும்போதே சட்டென்று நின்றது

பவர் பேங்க் வைத்திருக்கிறீர்களா? சிறிய டிராக்கர் இழுக்கும் மின்சாரம் போதாமல் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். தரையில் கேமராவும் சேர்ந்து ஓடியதால் தெரிந்திருக்காது, மேலே கேமரா நின்றதும் இதுவும் நின்றது. பவர் பேங்கை விட்டுவிடுங்கள்.

இல்லை, 25 கிலோமீட்டருக்கு மேலே நின்றது என்றால் எதிர்த்திசையில் யோசியுங்கள்: சூடு. 30 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு. வெளியே குளிர்தான், ஆனால் சூட்டை எடுத்துச் செல்லக் காற்று இல்லை. 100 மில்லிவாட்டுக்கு மேல் இடைவிடாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் லீனியர் ரெகுலேட்டரும் (மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் பாகம்) தம் சூட்டிலேயே வெந்துபோகும். திறனைக் குறையுங்கள். 10 மில்லிவாட்டே அந்த உயரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கேட்கும். அனுப்பல்களுக்கு நடுவில் இடைவெளி விடுங்கள், ரெகுலேட்டரைச் சிறு அலுமினியத் தகட்டில் ஒட்டுங்கள்.

## அறிகுறி 7: காரில் மட்டும் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

மொட்டை மாடியில் தெளிவாக வரும், துரத்தும் காரில் ஏறியதும் பாதி வரிகள் போய்விடும். காரில் செருகியிருக்கும் மொபைல் சார்ஜரைப் பிடுங்குங்கள். மடிக்கணினி சார்ஜரையும் பிடுங்குங்கள். பத்தில் எட்டு முறை இதுதான் காரணம். ஆன்டெனா காருக்குள் இருந்தால் கூரை மேல் வையுங்கள்.

நின்று கேட்டாலும் பத்து நொடிக்கு ஒருமுறை சிக்னல் ஏறி இறங்கினால் பெட்டி சுழல்கிறது, அதன் ஆன்டெனா நேராகத் தொங்கவில்லை. 434 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலைக் கம்பி 16.5 சென்டிமீட்டர், அது பெட்டியின் அடியில் செங்குத்தாக விறைத்து நிற்க வேண்டும். உறிஞ்சுகுழலுக்குள் கம்பியைச் செருகி ஒட்டினால் வளையாது. உங்கள் தரை ஆன்டெனாவும் செங்குத்தாகவே இருக்கட்டும்.

## அறிகுறி 8: கணிப்பு ஒரு பக்கம், பலூன் ஒரு பக்கம்

பலூன் எங்கே இறங்கும் என்ற கணிப்புக்கு நீங்கள் கொடுத்த எண்ணோடு உண்மையான ஏறும் வேகம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். அடுத்து, கணிப்பு எப்போது ஓட்டினீர்கள்? மூன்று நாளைக்கு முன் ஓட்டியதை வைத்துக்கொண்டு வண்டியெடுக்காதீர்கள். முந்தைய இரவு ஒருமுறை, விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை சோண்ட்ஹப் இணையதளத்தின் கணிப்பானில் ஓட்டுங்கள். பறக்கும்போதும் அப்போதைய இடத்தையும் உயரத்தையும் கொடுத்து அரை மணிக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் கீழ்க்காற்று மேற்கிலிருந்து வரும். 14, 15 கிலோமீட்டரில் கிழக்கிலிருந்து வேகமான ஜெட் காற்று ஓடும். பலூன் முதலில் கிழக்கே போய், பிறகு திரும்பி உங்கள் தலையைத் தாண்டி மேற்கே போவதைக் கண்டு டிராக்கர் பிழை என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனி மலைக்காடு. கணிப்பு அங்கே இறங்கச் சொன்னால் அன்று விடாதீர்கள். விட்டு, இறங்கியும்விட்டால் வனத்துறையிடம் சொல்லி அவர்களோடுதான் போக வேண்டும்.

## அறிகுறி 9: வெடித்த பிறகு இறங்கும் வேகம் பயமுறுத்துகிறது

30 கிலோமீட்டரில் பாராசூட்டுக்குப் பிடித்துக்கொள்ளக் காற்று இல்லை. முதல் சில நிமிடங்கள் கல் மாதிரிதான் விழும், அது இயல்பு. 5 கிலோமீட்டருக்குக் கீழே வந்தும் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் பாராசூட்டில் பலூன் கிழிசல் சுற்றியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை பாராசூட் கயிறுகளுக்கு நடுவே ஒரு வளையம் வைத்து விரித்துக் கட்டுங்கள், பெட்டிக்கு மேலே சுழல்கொக்கி போடுங்கள்.

## அறிகுறி 10: தரைக்கு அருகில் காணாமல் போனது

இது கோளாறே அல்ல, பூமி உருண்டை. 30 கிலோமீட்டரில் இருக்கும் பலூனுக்கு அடிவானம் 700 கிலோமீட்டர், 1 கிலோமீட்டரில் 130, 100 மீட்டரில் 40. தரையில் கிடக்கும் பெட்டிக்கோ வரப்பும் வேலியும்தான் எல்லை. அதனால் வெடித்த செய்தி வந்ததும் கணித்த இடத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு கார் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கடைசி வரியின்படி தரைக்கு மேல் உயரம் 900 மீட்டர், இறங்கும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மூன்று நிமிடம் காற்றில் இருந்திருக்கும். கடைசி இரண்டு இடங்களை வைத்துக் காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்று தெரிந்தால், அதே திசையில் இன்னும் 900 மீட்டர் தள்ளித் தேடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் உயரத்திலிருந்து கிராமத்து மண்ணின் உயரத்தைக் கழிக்க மறக்காதீர்கள், திண்டுக்கல் பக்கம் தரையே கடல் மட்டத்திலிருந்து 250 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

அங்கே போய் சிக்னல் இல்லை என்றால் உயரமான இடம் தேடுங்கள்: தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டு, பாறை, யார் வீட்டு மாடியானாலும் கேட்டுவிட்டு ஏறுங்கள். யாகி ஆன்டெனாவை (நீட்டிய திசையில் கூர்ந்து கேட்பது) மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நெருங்கியதும் எல்லாத் திசையிலும் ஒரே பலத்தில் கேட்கும், அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கைரேடியோவை நெஞ்சோடு அணைத்துச் சுற்றுங்கள். உடம்பு மறைக்கும் திசையில் சிக்னல் குறையும். உங்கள் முதுகுப் பக்கம்தான் பெட்டி.

ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். நம் ஊரில் எந்த ரேடியோவை விடவும் வேகமான டிராக்கர் அவர்கள்தான். இதற்காகவே பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய தமிழ் எழுத்தில் "ஆபத்தில்லாத வானிலைப் பெட்டி, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். வெடிகுண்டோ என்று பயந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருந்தால் நேரே அங்கே போய் அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்.

பெட்டி மின்கம்பியில் தொங்கினால் கயிற்றைத் தொடாதீர்கள், துரட்டி கொண்டுவரவும் விடாதீர்கள். மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லி லைன்மேன் வரும்வரை யாரையும் அடியில் நிற்கவிடாதீர்கள். கிணற்றில் விழுந்திருந்தால் தெர்மோகோல் மிதக்கும். உள்ளே இறங்க வேண்டாம், வாளிக் கயிறு போதும். படியில்லாத பாழ்கிணறு என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் சுவிட்சை அணைக்காதீர்கள். மல்டிமீட்டரை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி மின்னழுத்தத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் எண்ணிக்கை, ஜிபிஎஸ் முறை, பாக்கெட் எண் மூன்றையும் திரையிலிருந்து படம் எடுங்கள். எஸ்டி கார்டில் எழுதுவது முடிந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் அணையுங்கள்.